பெண்ணுக்குக் காவலாளி யார்?

குற்றாலத்தில் சாரல் காலம் வந்துவிட்டால் அருவிக்கு எவ்வளவு காவல் என்பது அங்கு ஒரு தடவை போய்வந்தவர்களுக்குக்கூடத் தெரியும். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தால் போலீசார் உடனே குளிப்பவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்திற்கும் தடை உத்தரவு போகிறது. எண்ணெய் தேய்க்கக் கூடாது, சோப்புப் போடக் கூடாது என்பதற்குக்கூட உத்தரவு இருக்கிறது.

2024-ம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. அப்போது "அது அவன் தலைவிதி" என்று சர்க்கார் சும்மா இருக்கவில்லை. அருவிகளில் குளிக்கத் தடை போட்டார்கள். "நீ ஏன் அருவிக்குப் போனாய்?" என்று செத்த பையனை யாரும் குற்றம் சொல்லவில்லை. "வெள்ளம் வருமுன் எச்சரிக்க என்ன ஏற்பாடு செய்திருந்தீர்கள்?" என்று சர்க்காரைத்தான் ஜனங்கள் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. வரி வாங்குகிறவன் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் அல்லவா?

ஆனால் நாம் கேட்பது என்னவென்றால், இதே நியாயம் பெண்கள் விஷயத்தில் மட்டும் ஏன் தலைகீழாகப் போய்விடுகிறது என்பதேயாகும். ஒரு பெண்ணைத் தெருவில் ஒருவன் கையைப் பிடித்து இழுத்தால், "இவள் ஏன் அந்த நேரத்தில் அங்கே போனாள்?" என்கிறோம். புருஷன் அடித்தால், "இவள் என்ன வாய் பேசினாளோ?" என்கிறோம். அதற்கும் மேலே போனால், "அவள் தலையெழுத்து" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். வெள்ளத்துக்குச் சர்க்கார் பொறுப்பு; ஆண்பிள்ளையின் அக்கிரமத்துக்கு மாத்திரம் அடிபட்ட பெண்ணே பொறுப்பு! இதைவிடக் கேவலமான நியாயம் உலகத்தில் வேறு உண்டா?

இந்தப் புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று யோசித்துப் பார்க்கவேண்டும். பெண்ணானவள் சிறுவயதில் தகப்பனுக்கும், வயது வந்தபின் புருஷனுக்கும், வயோதிகத்தில் பிள்ளைக்கும் அடங்கிக் கிடக்கவேண்டியவள் என்று விதித்து வைத்திருப்பது மநுதர்மம். அதாவது, பெண்ணுக்குக் காவல் வேண்டும். ஆனால் அந்தக் காவலை வீட்டு ஆண்பிள்ளையே செய்யவேண்டும் என்பது அதன் சூழ்ச்சி. அந்தக் காவற்காரனே அடித்தால் பிராது கொடுக்க இடம் எங்கே? அதற்கு அந்தத் தர்மத்தில் பதில் கிடையாது. நமது புராணமோ அதற்கும் மேலே போகிறது. அகலிகையை வஞ்சித்தவன் இந்திரன். கல்லாகப் போனவள் அகலிகை. வஞ்சித்தவனோ மறுபடியும் தேவலோகத்துக்கு ராஜா! இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த ஜனங்கள் போலீசாகவும், கணக்கு எழுதுபவராகவும், நீதிபதியாகவும் வந்து உட்கார்ந்தால், பெண் கொடுக்கும் புகாருக்கு என்ன கதி கிடைக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நிற்க. இது ஏதோ பழங்கதையென்று எண்ணவேண்டாம். தென்காசிக்குப் பக்கத்தில் பாவூர்சத்திரத்தில் 2023-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். அங்கே ரயில்வே கேட்டில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஊழியரை ஒருவன் உள்ளே புகுந்து தாக்கிப் பலாத்காரம் செய்ய முயன்றான். அந்தப் பெண் போராடித் தப்பினார். காயங்களோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். போலீசார் சில நாட்களுக்குள் ஒருவனைப் பிடித்துவிட்டார்கள். பிடித்ததை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேட்டுக்குச் சொந்தக்காரர் யார்? இந்திய சர்க்கார். அந்தப் பெண்ணை அந்த இரவில் அங்கே தனியாக உட்கார வைத்தவர் யார்? அதே சர்க்கார். வேலையிடத்துப் பாலியல் தொல்லையைத் தடுப்பதற்கு 2013-ம் வருஷத்தில் பார்லிமெண்டு செய்த சட்டம், வேலைக்கு வைத்திருப்பவர் பாதுகாப்பான இடத்தைத் தரவேண்டும் என்றும், அந்த இடத்துக்கு வந்துபோகிற வெளியாளிடமிருந்துகூடப் பாதுகாக்கவேண்டும் என்றும் சொல்லுகிறது. சட்டத்தைச் செய்ததும் சர்க்கார். அதற்கு உட்பட்ட முதலாளியும் சர்க்கார். ரயில் வந்தால் மாடு குறுக்கே போகாமல் இருக்கக் கேட்டைப் போட்டவர்கள், கேட்டைப் போடுகிற பெண்ணுக்கு ஒரு நல்ல கதவும், ஒரு துணையும், கூப்பிட்டால் வந்து நிற்க ஆளும் போட மறந்தார்கள் என்றால் அதற்கு என்ன சமாதானம்?

இது வெளியே நடப்பது. வீட்டுக்குள் நடப்பதோ இதைவிட அதிகம். 2019 முதல் 2021 வரை இந்திய சர்க்காரே எடுத்த 5-வது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, கல்யாணமான 18 வயது முதல் 49 வயதுவரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 38 பேர் புருஷன் கையால் இம்சை அனுபவித்தவர்கள். இந்தியா முழுவதுக்கும் இந்தக் கணக்கு 100-க்கு 29. படிப்பிலும் வைத்தியத்திலும் நாமே முன்னணி என்று மார்தட்டுகிற தமிழ்நாடு, பெண்ஜாதியை அடிப்பதிலும் இந்தியாவுக்கு முன்னாலேயே நிற்கிறது! அதே கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்தியாவில் இம்சைப்பட்ட பெண்களில் அதை நிறுத்த யாரிடமாவது உதவி தேடிப் போனவர்கள் 100-க்கு 14 பேரே. பெரும்பாலோர் யாரிடமும் வாய் திறந்தே சொன்னதில்லை.

ஏன் சொல்லவில்லை? "மானம் போய்விடும்" என்ற பயம். அடித்தவன் வெட்கப்பட வேண்டியிருக்க, அடிபட்டவள் வெட்கப்படுகிறாள். நமது மதமும் சாஸ்திரமும் கற்பு என்னும் சுமையைப் பெண் தலையிலே மட்டும் ஏற்றிவைத்ததன் பலன் இது. பெண்ஜாதியை ராத்திரி அடித்துவிட்டுக் காலையில் அருவியில் முழுகிக் குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டால் பாவம் கழிந்துவிட்டதென்று ஒருவன் நிம்மதியாக வீட்டுக்கு வரலாம். அவள் முதுகில் இருக்கும் தழும்பை எந்த அருவி கழுவும்?

சொல்லாததற்கு இன்னொரு காரணம் வயிறு. தென்காசி ஜில்லாவில் கடையம், ஆலங்குளம், கீழப்பாவூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். திண்ணைக்குத் திண்ணை பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். இலையும் தூளும் வாங்கிவந்து, சுற்றிக் கட்டுக்கட்டி, கடையில் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கே கழித்தது போக மிச்சத்துக்குக் கூலி வாங்கவேண்டும். அந்தக் கூலியும் பல வீடுகளில் புருஷன் கைக்குப் போய், அங்கிருந்து சாராயக் கடைக்குப் போகிறது. கடையில் கட்டு வாங்குகிறவன் தகாத வார்த்தை பேசினால் இவள் யாரிடம் சொல்வாள்? நாளைக்கு இலை கிடைக்காதே! புருஷனைப் பற்றிச் சொன்னால் நாளைக்குத் தங்க இடம் கிடைக்காதே! இவளுக்குப் போய், "தைரியமாக வெளியே வா" என்று உபதேசம் செய்வது சுலபம். வந்தால் நிற்க இடம் எங்கே என்பதே கேள்வி.

இந்த இடத்தில் சர்க்கார் பக்கம் பேசுகிறவர்கள், "நாங்கள் சட்டம் செய்யவில்லையா?" என்று கேட்பார்கள். செய்திருக்கிறார்கள், நாம் மறைக்கவில்லை. 1961-ல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் போலீஸ் நிலையம் திறக்கப்பட்டது. 1998-ல் சென்னையில் ஒரு மாணவி கேலிக்காரர்களால் உயிரிழந்த பிறகு தமிழ்நாட்டில் அதற்கென்று தனிச் சட்டம் பிறந்தது. 2005-ல் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டமும், 2012-ல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டமும் வந்தன. 181 என்று ஒரு டெலிபோன் நம்பரும் உண்டு. ஆனால் இந்த வரிசையை உற்றுப் பார்த்தால் ஒரு உண்மை விளங்கும். இவற்றில் எத்தனை சட்டம் ஒரு பெண் செத்த பிறகு, அல்லது ஊரே கொதித்த பிறகு வந்தது? அருவியில் தண்ணீர் வளைவைத் தொடும்போதே ஆளை வெளியேற்றுகிறீர்கள். பெண் விஷயத்தில் மட்டும் பிணம் மிதந்த பிறகுதான் விசில் ஊதுகிறீர்கள்!

வந்த சட்டமாவது வேலை செய்கிறதா என்று பார்ப்போம். 2005-ம் வருஷத்துச் சட்டப்படி, பெண் மனுக் கொடுத்தால் சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணைக்கு எடுக்கவேண்டும். முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க மாஜிஸ்திரேட் முயலவேண்டும். புருஷன் வீட்டிலேயே அவள் குடியிருக்கவும் உரிமை உண்டு. அவளுக்காக மனு எழுதவும், ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் கூட நிற்கவும் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவரைச் சர்க்கார் வைக்கவேண்டும். ஜில்லாவுக்குத் தேவையான அளவு எத்தனை பேரை வேண்டுமானாலும் வைக்கச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. 2019 நவம்பரில் தனி ஜில்லாவான தென்காசியில் 8 தாலுகாக்கள் இருக்கின்றன. சிவகிரியிலிருந்தும் திருவேங்கடத்திலிருந்தும் அடிபட்ட பெண் ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தென்காசிக்கு வந்துதான் உதவி கேட்கவேண்டுமென்றால், அந்த உதவியை எத்தனை பேர் கேட்பார்கள்? 2021-ல் டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லையென்று செய்தபோது, புருஷனிடம் காசு கேட்காமல் ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியே கால் வைக்க வழி ஏற்பட்டது. அதை நாம் பாராட்டவே செய்கிறோம். ஆனால் பஸ்ஸில் ஏற்றிவிட்டால் போதுமா? இறங்குகிற இடத்தில் அவளுக்காக ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டாமா?

போலீஸ் நிலையத்தைப் பற்றிச் சொல்லவேண்டுமானால், பல இடங்களில் நடப்பதை யாவரும் அறிவார்கள். அடிபட்டு வருகிறவளை உட்காரவைத்து, புருஷனையும் அழைத்துவந்து, "பெண்ணென்றால் பொறுத்துத்தான் போகவேண்டும் அம்மா, குழந்தையின் முகத்தைப் பார்" என்று சொல்லி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவதற்குச் சமாதானம் என்று பெயர். திருடனையும் பொருளைப் பறிகொடுத்தவனையும் இப்படி உட்காரவைத்து எந்த நிலையத்திலாவது சமாதானம் செய்கிறார்களா? பெண் கொடுக்கும் பலாத்காரம் முதலிய புகார்களைப் பதிவு செய்ய மறுக்கும் உத்தியோகஸ்தருக்கு 6 மாதத்துக்குக் குறையாமல் 2 வருஷம் வரை கடுங்காவல் என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றச் சட்டத்திலும் அது இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் எத்தனை உத்தியோகஸ்தர் ஜெயிலுக்குப் போனார்கள் என்று சர்க்கார் ஜில்லாவாரியாகப் பட்டியல் போட்டு வெளியிடுவார்களா?

"சர்க்கார் என்ன செய்யும்? சமூகம் முதலில் மாறவேண்டும்" என்று சில பெரிய மனிதர்கள் சொல்லுகிறார்கள். கேட்பதற்கு இது ஞானம்போல் இருக்கும். உண்மையில் இது சோம்பேறித்தனத்துக்குப் போர்த்திய சால்வை. குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கச் சாரதா சட்டம் 1929-ல் வந்தபோதும் வைதீகர்கள் இதையேதான் சொன்னார்கள். டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்று போராடியபோதும் இதையேதான் சொன்னார்கள். 1947-ல் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டுவது சட்டப்படி குற்றமாயிற்று. புரோகிதரில்லாத சுயமரியாதைக் கல்யாணம் செல்லாது என்றார்கள். 1967-ல் சட்டசபை அதைச் செல்லும் என்றது. வானம் இடிந்து விழவில்லை. சமூகம் மாறட்டும் என்று சர்க்காரும், சர்க்கார் செய்யட்டும் என்று சமூகமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தால் நடுவில் செத்துப் போகிறவள் பெண்தானே?

பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் தீர்மானித்தபோது, குடும்பம் கெட்டுவிடும் என்று கூக்குரல் போட்டார்கள். தமிழ்நாட்டில் 1989-லும் இந்தியா முழுமைக்கும் 2005-லும் இந்துப் பெண்களுக்கு அந்த உரிமை சட்டமாயிற்று. சொத்துக்கும் அடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்குச் சொல்லுகிறோம். செங்கோட்டை மலைக்கு அப்பால் திருவனந்தபுரம் ஜில்லாவில் சுமார் 500 பெண்களை விசாரித்துப் பிரதீப் பாண்டா, பீனா அகர்வால் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2005-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். வீடும் நிலமும் இல்லாத பெண்களில் 100-க்கு 49 பேர் புருஷனிடம் அடிபட்டிருந்தார்கள். வீடும் நிலமும் தன் பெயரில் உள்ள பெண்களில் 100-க்கு 7 பேரே. ஒரு பட்டா செய்கிற காவலை ஆயிரம் தாலி செய்யவில்லை என்பது இதிலிருந்து தெரியவில்லையா?

இதையெல்லாம் சொல்லும்போது சர்க்காரின் இரட்டை நாக்கையும் சொல்லாமல் விடமுடியாது. 2024-ல் அமலுக்கு வந்த புதிய குற்றச் சட்டத்திலும், 18 வயதான பெண்ஜாதியைப் புருஷன் பலாத்காரம் செய்தால் அது பலாத்காரம் ஆகாது என்ற பழைய விலக்கை அப்படியே வைத்திருக்கிறார்கள். அதே வருஷம் அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டிலும் இந்திய சர்க்கார் அதை ஆதரித்தே பேசினார்கள். தாலி கட்டிவிட்டால் அவள் சம்மதம் தேவையில்லை என்பது மநுவின் சட்டமா, பார்லிமெண்டின் சட்டமா?

சர்க்கார் தன் கையாலேயே செய்த அக்கிரமமும் உண்டு. தர்மபுரி ஜில்லா வாச்சாத்தி மலைக் கிராமத்தில் 1992 ஜூனில் சந்தனக் கட்டை தேடப்போன வனத்துறை, போலீஸ், ரெவினியூ உத்தியோகஸ்தர்கள் 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். தண்டனை வந்தது 2011-ல். அதைச் சென்னை உயர்நீதிமன்றம் உறுதிசெய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்ச ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது 2023-ல். 31 வருஷம்! அந்தப் பெண்கள் ஏழைகள், மலைவாசிகள். அப்படியிருந்தும் விடாமல் நின்றார்கள். அவர்களுடைய சுயமரியாதைதான் சர்க்காரைக் கூண்டில் ஏற்றியது.

எனவே நாம் கேட்பது தர்மமல்ல, தயவுமல்ல. பெண்ணும் வரி கொடுக்கிறாள், ஓட்டுப் போடுகிறாள்; அவளும் ஒரு பிரஜை. அருவிக்குக் கொடுக்கிற காவலை அவளுக்கும் கொடுங்கள் என்கிறோம். தென்காசி ஜில்லாவிலிருந்தே இதை ஆரம்பிக்கலாம்.

1. குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் தாலுகாவுக்குத் தாலுகா முழுநேர வேலையாக இருக்கவேண்டும்.

2. 2013-ம் வருஷச் சட்டப்படி கலெக்டர் அமைக்கவேண்டிய உள்ளூர்ப் புகார்க் குழுவின் அங்கத்தினர் பெயர்களையும், வட்டாரந்தோறும் புகார் வாங்குகிற உத்தியோகஸ்தரின் பெயரையும் ஒவ்வொரு பீடிக் கடை வாசலிலும் எழுதி ஒட்டவேண்டும்.

3. இரவில் பெண்களை வேலைக்கு வைக்கும் சர்க்கார் இலாகாக்கள் எல்லாம் துணையாளும் பத்திரமான அறையும் இல்லாமல் அவர்களைத் தனியே உட்காரவைக்கக் கூடாது.

4. பெண் கொடுத்த புகார் எத்தனை, பதிவானது எத்தனை, சமாதானம் என்று அனுப்பப்பட்டது எத்தனை, தண்டனை கிடைத்தது எத்தனை என்று போலீஸ் இலாகா மாதாமாதம் வெளியிடவேண்டும்.

5. சர்க்கார் கொடுக்கும் வீட்டுமனைப் பட்டாவெல்லாம் பெண் பெயரிலேயே கொடுக்கப்படவேண்டும்.

இவற்றில் எதற்காவது புது ஞானம் தேவையா? கடவுள் அவதாரம் எடுத்து வரவேண்டுமா? பாதிக்குச் சட்டம் முன்னமே இருக்கிறது. மீதிக்கு ஒரு உத்தரவு போதும். இல்லாதது மனம் ஒன்றுதான்.

பெண்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களைக் காப்பாற்ற அண்ணனும் தம்பியும் வருவார்கள், அம்மன் வருவாள் என்று காத்திருந்தது போதும். அடித்தவனுக்குத்தான் வெட்கம், உங்களுக்கு அல்ல. புகாரை எழுதிக் கொடுங்கள். வாங்கிக்கொண்டதற்கு ரசீது கேளுங்கள். வாங்க மறுத்தால் மறுத்தவர் பெயரையும் எழுதி மேலே அனுப்புங்கள். நாலு பெண்களாகச் சேர்ந்து போங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், ரோட்டையும் குழாயையும் கேட்பதுபோல், "எங்கள் தாலுகாவில் பாதுகாப்பு அலுவலர் யார்? பெயர் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பெயர் தெரியாதவருக்கு ஓட்டு எதற்கு?

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. பெண்ணுக்குக் காவலாளி நான் என்று மீசை முறுக்குவதை விட்டுவிடுங்கள். உங்களிடமிருந்துதான் அவளுக்குக் காவல் தேவைப்படுகிறது. அது உங்களுக்கு அவமானமாகப் பட்டால், அந்த அவமானத்திலிருந்துதான் உங்கள் சுயமரியாதை ஆரம்பமாக வேண்டும்.